அந்த ‘இனிய இசை’ எப்படி இருந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சிறுவர் மாயக்கதைத் தொடரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாராட்டும் உண்டு, ஒரு மனக்குறையும் உண்டு, எழுத உட்கார்ந்ததும் நீளமாகப் போகும் என்று தெரிந்துவிட்டது, எனவே எங்கே வெட்ட வேண்டுமோ வெட்டிக்கொள்ளுங்கள்.

தொடரை என் மகளுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். எட்டு வயது. மூன்று வாரங்களுக்கு முன் வந்த அத்தியாயத்தில் இளவரசன் காட்டுக்குள் மாட்டிக்கொள்கிறான், அரக்கன் நெருங்கிவிட்டான், உடனே இடுப்பிலிருந்த குழலை எடுத்து ஊதுகிறான், காடெங்கும் இனிய இசை பரவுகிறது, மரங்கள் மயங்குகின்றன, அரக்கன் தூங்கிப்போகிறான். நானும் குரலை ஏற்றி இறக்கி நன்றாகத்தான் வாசித்தேன். அவள் கேட்டாள், “எப்படிப்பா இருந்துச்சு அந்த இசை?” இனிமையா இருந்துச்சும்மா என்றேன். “அதான், எப்படி இனிமையா?” எனக்குப் பதில் தெரியவில்லை, அடுத்த பத்தியைப் பார்த்தேன், அதிலும் இல்லை. எழுதியவருக்கும் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது.

இது உங்கள் தொடர் ஒன்றின் குறை என்று சொல்ல மாட்டேன். இன்று வருகிற ஃபேன்டஸிக் கதைகள், விளையாட்டுகள், படங்கள் எல்லாவற்றிலும் இதே நிலைமைதான். ஒரு வாள் வந்தால் அதற்கு ஒரு பெயர், அதை அடித்த கொல்லன், அந்த இரும்பு விழுந்த நட்சத்திரம், பிடியில் பதித்த கல் என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். இசை வந்தால் ஒரே ஒரு அடைமொழி, அதுவும் தேய்ந்துபோன ஒன்று. வாளைக் கையில் பிடித்துப் பார்த்தது போல எழுதத் தெரிந்தவர்களுக்குப் பாட்டைக் காதில் கேட்டது போல ஏன் எழுத வரவில்லை? விசையை அழுத்தினால் விளக்கு எரிகிற மாதிரி, குழலை எடுத்தால் அரக்கன் தூங்குகிறான். இதில் மாயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பழைய கதைகளையெல்லாம் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். நம்மிடமே ஒன்று இருக்கிறது, பள்ளியில் படித்திருப்போம், படித்ததோடு மறந்திருப்போம். அகநானூற்றின் 82-ஆம் பாட்டு, கபிலர் பாடியது. மலைச்சாரலில் ஒரு கச்சேரி நடக்கிறது, ஆனால் ஒரு மனிதக் கலைஞர்கூட அதில் கிடையாது. காற்றில் ஆடுகிற மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டைகள், அவற்றில் கோடைக்காற்று புகுந்து வருவது குழல். அருவி விழுகிற சத்தம் முழவு. மான்கூட்டத்தின் கரகரத்த குரல் தூம்பு என்ற ஊதுகருவி. ‘மலைப்பூஞ் சாரல் வண்டு யாழாக’ என்று வண்டின் ரீங்காரத்துக்கும் ஓர் இடம். மந்திகள் கூட்டமாக உட்கார்ந்து மிரண்டுபோய்ப் பார்க்கின்றன, நடுவில் மயில், களத்தில் இறங்கிய விறலி மாதிரி ஆடுகிறது. கபிலரும் ‘இன்’ இசை என்று போட்டிருக்கிறார், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எந்தப் பொருள் எந்தச் சத்தத்தைக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறாரே, அந்த உரிமையில் போட்டிருக்கிறார்.

அந்தப் பாட்டு அங்கே முடிவதில்லை என்பதுதான் எனக்கு இப்போது கிடைத்த புதையல். இவ்வளவு கச்சேரியும் அந்த நாட்டுக்குச் சொந்தக்காரனை அறிமுகப்படுத்தத்தான். அவன் வில்லோடு தினைப்புனத்து வாயிலில் வந்து நின்று, போர் செய்யும் யானை ஒன்று இந்தப் பக்கம் போயிற்றா என்று கேட்கிறான். அவனைப் பார்த்தவர்கள் பலர். அத்தனை பேரில், இருட்டில் படுக்கையில் கிடந்து கண்ணில் நீர் வழிய, தோள் மெலிந்து போய், நான் ஒருத்தி மட்டும் இப்படி ஆனது ஏன் என்று தோழியிடம் கேட்கிறாள் தலைவி. ‘ஓர் யான்’ என்கிறாள். எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள், எல்லாருக்கும் கண் இருந்தது, காது இருந்தது. விழுந்தது ஒருத்தி மேல்.

இதைப் படித்ததும் கிரேக்கக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ஆர்கோ என்ற கப்பலில் வீரர்கள் போகிறார்கள், வழியில் சைரன்கள் என்ற மாயப்பெண்களின் தீவு. அந்தப் பெண்கள் பாடினால் கேட்டவன் ஊர் திரும்ப மாட்டான். கப்பலில் ஆர்ஃபியஸ் இருக்கிறான், மரங்களையும் பாறைகளையும் பின்னால் நடக்க வைத்தவன், அவன் தன் யாழை எடுத்துப் படபடவென்று வேகமாக மீட்டி அந்தப் பாட்டை அமுக்கிவிடுகிறான், கப்பல் தப்பித்துவிடுகிறது. நம் காலத்துக் கதாசிரியராக இருந்தால் இங்கே அத்தியாயத்தை முடித்திருப்பார். பழைய ஆள் முடிக்கவில்லை. பூட்டிஸ் என்று ஒருவன், அத்தனை வீரர்களில் அவன் ஒருவன் மட்டும், கப்பலிலிருந்து கடலில் குதித்து சைரன்களை நோக்கி நீந்த ஆரம்பிக்கிறான். ஆர்ஃபியஸ் வாசித்தது அவன் காதிலும்தானே விழுந்திருக்கும், இருந்தும் அதைத் தாண்டி இன்னொன்று கேட்டிருக்கிறது அவனுக்கு. அப்புறம் ஒரு தேவதை இரக்கப்பட்டுக் காப்பாற்றியது தனிக்கதை. எனக்கு ஆர்ஃபியஸைவிட இந்த பூட்டிஸைத்தான் பிடித்திருக்கிறது. சைரன்களின் பாட்டு எவ்வளவு பலமானது என்பதற்கு இந்த ஓர் ஆள் குதித்ததைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அதாவது நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இசையின் மாயத்தை ஊதுகிறவன் பக்கத்தில் நின்று எழுதாதீர்கள், கேட்கிறவர் பக்கத்தில் நின்று எழுதுங்கள். பழைய கதைகள் எல்லாம் காதிலிருந்து பிறந்தவை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு சத்தத்தை உண்மையிலேயே கேட்டிருக்கிறார், இது என்ன என்று திகைத்திருக்கிறார், அந்தத் திகைப்புக்குப் பதிலாகத்தான் தெய்வமும் அரக்கனும் வந்திருக்கிறார்கள்.

எகிப்தில் லக்சர் நகருக்கு எதிர்க்கரையில் இரண்டு பெரிய கற்சிலைகள் உட்கார்ந்த நிலையில் இருக்கின்றன, உயரம் சுமார் 18 மீட்டர். மூன்றாம் ஆமென்ஹோடெப் என்ற மன்னன் வைத்தவை, வயது மூவாயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல். கி.மு. 27-இல் வந்த நிலநடுக்கத்தில் வடக்குப் பக்கத்துச் சிலை உடைந்து மேல்பாதி சரிந்தது. அதற்கப்புறம்தான் அது பாட ஆரம்பித்தது. விடியற்காலையில், சூரியன் மேலே வருகிற நேரத்தில், உடைந்த கல்லிலிருந்து ஒரு சத்தம். யாழ் நரம்பு அறுந்தால் வருமே அந்த மாதிரி என்று ஒரு பயணி எழுதிவைத்திருக்கிறார். ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞரும் நேரில் போய்க் கேட்டார். கேட்டேன், ஆனால் பீடத்திலிருந்து வந்ததா, சிலையிலிருந்து வந்ததா, சுற்றி நின்றவர்களில் எவனாவது செய்த வேலையா என்று சொல்ல முடியவில்லை என்று எழுதினார். நேர்மையான மனிதர், இன்று யாராவது அப்படி எழுதுவார்களா.

கிரேக்கர்கள் அந்தச் சிலையை மெம்னோன் என்றார்கள். மெம்னோன் விடியலின் தேவதையான ஈயோஸுக்குப் பிறந்த மகன், டிராய் போரில் அக்கிலீஸ் கையால் செத்துப்போனவன். விடிகிறது என்றால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம், மகன் அவளுக்குக் குரல் கொடுக்கிறான். விடியலில் விழுகிற பனித்துளி அவள் மகனுக்காக அழுகிற கண்ணீர். எத்தனை அழகாகப் பொருந்திவிட்டது பாருங்கள்! இரவின் பனி கல்லின் விரிசல்களில் ஊறியிருந்து, வெயில் பட்டதும் சூடாகி ஆவியாகும்போது வந்த சத்தமாக இருக்கலாம் என்பது இன்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கதையிலும் பனி, விளக்கத்திலும் பனி. கி.பி. 130-இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் மனைவியோடும் பரிவாரத்தோடும் வந்து கேட்டுவிட்டுப் போனார், அவர்களோடு வந்த ஒரு பெண் கவிஞர் எழுதிய பாக்களைச் சிலையின் காலிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் கால்களில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துப் பொறிப்புகள் இருக்கின்றன, நானும் கேட்டேன், நானும் கேட்டேன் என்று.

பிறகு நடந்ததுதான் எந்த ஃபேன்டஸி எழுத்தாளரும் யோசித்திருக்க முடியாத திருப்பம். யாரோ அக்கறையோடு அந்தச் சிலையைப் பழுதுபார்த்தார்கள், இன்னொரு ரோமப் பேரரசர் காலத்தில் என்று சொல்வார்கள். கற்களை அடுக்கி மேல்பாதியைச் சரிசெய்து வைத்தார்கள். அதோடு சத்தம் நின்றுபோயிற்று. இன்றுவரை இல்லை.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. “அப்ப உடைஞ்சதுனாலதான் பாடுச்சா?” என்றாள். ஆமாம் என்றேன். “அது சிலைக்குத் தெரியுமா?” இதற்கும் என்னிடம் பதில் இல்லை, ஆனால் இந்தத் தடவை பதில் இல்லாதது சங்கடமாக இல்லை.

அடுத்தது ஃபின்லாந்து. அங்கே நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி நடந்து தொகுத்த லோன்ரோட் என்பவர் 1835-இல் கலேவலா என்ற காவியமாக வெளியிட்டார், 1849-இல் இன்னும் பெரிதாக்கினார், ஐம்பது பாடல்கள். அதில் வைனமோய்னன் என்று ஒரு கிழட்டு மந்திரவாதி. மந்திரமே பாட்டுதான் அவனுக்கு. ஒரு பெரிய மீனின் தாடை எலும்பில் காந்தெலே என்ற நரம்புக்கருவியைச் செய்து வாசிக்கிறான், காட்டு விலங்குகளும் கடல் மீன்களும் வந்து நிற்கின்றன, எல்லாரும் அழுகிறார்கள். இதுவரை வழக்கமான கதைதான். கவனியுங்கள், வாசித்தவனே அழுகிறான், அவன் கண்ணீர் உருண்டு தண்ணீருக்கடியில் போய் முத்தாகிவிடுகிறது. அந்தக் காந்தெலே பின்னால் கடலில் விழுந்து தொலைந்துவிடுகிறது. தேடிப் பார்க்கிறான், கிடைக்கவில்லை.

சோகத்தோடு நடந்துபோகும்போது ஒரு பிர்ச் மரம் அழுவது கேட்கிறது. ஏன் அழுகிறாய் என்று நின்று கேட்கிறான். மரம் தன் பாட்டைச் சொல்கிறது: என் பட்டையை உரிக்கிறார்கள், தண்டைக் கீறிச் சாற்றை எடுக்கிறார்கள், இலைகளைப் பறித்துக்கொண்டு போகிறார்கள், குளிர்காலத்தில் அம்மணமாக நிற்கிறேன். முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான், அழாதே, உன் அழுகையைச் சந்தோஷமாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லி அந்த மரத்தில் புதிய காந்தெலேயைச் செய்கிறான். நரம்புக்கு ஒரு கன்னிப்பெண்ணிடம் அவள் தலைமுடியைக் கேட்டு வாங்குகிறான். இந்த வாத்தியம் ஏன் மாயமாக ஒலிக்கிறது என்று இனி யாராவது விளக்க வேண்டுமா? அதற்குள் இருப்பது ஒரு மரத்தின் புலம்பல், ஒரு பெண் மனம்வந்து கொடுத்த முடி. மாயக்குழல் மாயக்குழல் என்று நூறு தடவை எழுதினாலும் வராத கனம் இந்த ஒரு காட்சியில் வந்துவிடுகிறது. (மரத்துக்கு வெட்டுப்படுவதில் உண்மையிலேயே சந்தோஷமா என்று ஒரு முணுமுணுப்பு எனக்குள் இருக்கிறது. காவியத்தோடு சண்டை போட விருப்பமில்லை.)

இன்னொன்றையும் நம் காலத்துக் கதைகள் கைவிட்டுவிட்டன, அது விலை. இப்போதெல்லாம் இசையை ரசித்தால் நல்லதுதான் நடக்கும், காயம் ஆறும், பூ மலரும். பழைய ஆட்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. நம் அசுணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்குகையில் இருக்கும் ஒரு விலங்கு, யாரும் பார்த்ததில்லை, கற்பனைதான். யானையின் மதநீரில் மொய்க்கும் வண்டுகளின் ஒலியை யாழ் என்று நினைத்துக் குகைக்குள்ளிருந்து காதுகொடுத்துக் கேட்கிறதாம், அகநானூற்றில் 88-ஆம் பாட்டு. அந்த ரசனையே அதற்கு எமன். வேட்டையாடுகிறவர்கள் யாழை வாசித்து அதை வெளியே வரவழைத்துக் கொல்வார்கள், பறையின் வன்மையான ஓசை கேட்டாலே அது உயிரை விட்டுவிடும் என்றும் சொல்வார்கள். நற்றிணையில் ஒரு தலைவி சொல்கிறாள், என் காதலன் மார்பு அசுணம் கொல்பவர் கையைப் போல, இன்பமும் அதில்தான் துன்பமும் அதில்தான் என்று. ஒரே கை. வாசித்ததும் அதே, கொன்றதும் அதே. மாய விலங்கு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும், சிறகும் நெருப்பும் வைத்துப் பத்து அரக்கர்களைப் படைத்தாலும் இந்த ஒரு சாதுவான பிராணிக்கு ஈடாகுமா.

சில்வண்டுகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு, பிளேட்டோ எழுதியதில் சாக்ரட்டீஸ் சொல்வதாக வருகிறது. கலைத்தேவதைகள் பிறப்பதற்கு முன்னால் சில்வண்டுகள் மனிதர்களாக இருந்தனவாம். தேவதைகள் பிறந்து பாட்டு என்று ஒன்று உலகத்துக்கு வந்ததும், சிலர் அதில் சொக்கிப்போய்ச் சோறு தண்ணீர் மறந்து பாடிக்கொண்டே இருந்து, தாங்கள் சாவதுகூடத் தெரியாமல் செத்துப்போனார்கள். அவர்கள்தான் சில்வண்டாகி, பிறந்ததிலிருந்து சாகும்வரை பாடிக்கொண்டே இருக்கிறார்கள், பூமியில் யார் கலைகளை மதிக்கிறார்கள் என்று மேலே போய்க் கோள்மூட்டவும் செய்கிறார்கள். உண்மையான சில்வண்டின் கதையும் இதற்குக் குறைந்ததில்லை: வட அமெரிக்காவில் ஒரு வகை 17 வருடம் மண்ணுக்கடியில் வேர்ச்சாற்றை உறிஞ்சியபடி ஒரு சத்தமும் போடாமல் கிடந்துவிட்டு, வெளியே வந்து சில வாரங்கள் மட்டும் கத்திவிட்டுச் செத்துப்போகிறது. இதை அப்படியே ஒரு கதையில் ஒரு சாபமாக வைத்துப்பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

என் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, கதை கதையாக இருக்கட்டும், ஏன் அதற்குள் விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து கெடுக்கிறாய் என்று அலுத்துக்கொண்டார். கெடுமா? சவுக்கு மரத்தடியில் நின்றிருக்கிறீர்களா, லேசான காற்றுக்கே ஒரு ‘உஸ்ஸ்ஸ்’ கிளம்பும், யாரோ நிறையப் பேர் ஒரே நேரத்தில் ரகசியம் பேசுவது மாதிரி, கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். மெல்லிய பொருளைக் காற்று கடக்கும்போது அதன் பின்னால் சிறுசிறு சுழல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி உதிரும், அந்த உதிர்வின் வேகம்தான் நம் காதுக்குச் சுருதி. 1878-இல் ஸ்ட்ரோஹால் என்ற இயற்பியலாளர் இதை அளந்தார். காற்றின் வேகத்தைப் பொருளின் தடிமனால் வகுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் ஏறக்குறைய விடை வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியிலை, நொடிக்கு ஐந்து மீட்டர் காற்று என்றால் நொடிக்கு ஆயிரம் அதிர்வு. ஒவ்வோர் இலையும் ஒரு தடிமன், ஒவ்வொரு கிளையிலும் காற்று ஒரு வேகம், அதனால்தான் ஒரு சுருதியில் நிற்காமல் ரகசியமாகக் கலைந்து கேட்கிறது. அதே கணக்கில் ஒரு விரல் தடிமன் கொடியைக் காற்று கடந்தால் அடித்தொண்டை முனகல் வரும். இப்போது சொல்லுங்கள், ஒரு மாயக்காட்டில் கதாநாயகி கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள், ரகசியம் பேசுகிற பக்கம் ஊசியிலை, முனகுகிற பக்கம் கொடி என்று காதாலேயே வழி கண்டுபிடிக்கிறாள் என்று வைத்தால், கதை கெட்டுப்போகுமா, நிமிர்ந்து உட்காருமா?

பாலைவனத்து மணலும் பாடும். லோப் பாலைவனத்தில் ஆவிகள் பேசுவதும் முரசு கொட்டுவதும் கேட்கும் என்று மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். மணல்மேட்டின் சரிவில் உலர்ந்த மணல் சரியும்போது மணிகள் ஒரே தாளத்தில் உரசி, தூரத்தில் விமானம் போவது மாதிரி ஒரு முழக்கம் எழும். சீனத்தில் டுன்ஹுவாங் பக்கத்து மணல்மலைக்குப் பெயரே ஒலிக்கும் மணல் மலை. கடலுக்குள் போனால் கூனல் திமிங்கிலம். ஒரு பகுதியில் இருக்கும் ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடுகின்றன, அந்தப் பாட்டும் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே போகிறது, எல்லாரும் சேர்ந்து மாற்றுகிறார்கள். யார் முதலில் மாற்றியது? இதைவிட நல்ல கதைக்கரு வேண்டுமா.

எனக்கு ரொம்பப் பிடித்தது காதில் விழாத இசை. வானத்துக் கோள்கள் சுற்றும்போது ஒலி எழுப்புகின்றன, எல்லாம் சேர்ந்து ஒரு பேரிசை என்று பித்தாகரஸ் வழிவந்தவர்கள் சொன்னார்கள். அப்படியானால் ஏன் நமக்குக் கேட்கவில்லை என்று கேட்டால், பிறந்த நொடியிலிருந்து நிற்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் அதற்கும் மௌனத்துக்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை, பட்டறைக்காரனுக்குச் சம்மட்டிச் சத்தம் பழகிப்போன மாதிரி என்றார்கள். அரிஸ்டாட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு பெரிய பொருள்கள் சத்தம் போட்டால் இடி மாதிரி பாறையெல்லாம் பிளந்திருக்கும் என்று ஒரே போடாகப் போட்டார். அவர் வாதம் சரிதான், இருந்தாலும் மனசு அந்தப் பக்கம்தான் போகிறது. வானியல் அறிஞர் கெப்ளருக்கும் அப்படித்தான் போலும். 1619-இல் அவர் எழுதிய நூலில் கோள்களின் வேகம் கூடிக் குறைவதைச் சுரங்களாகக் கணக்கிட்டார், பூமியின் வேகம் அதிகம் மாறுவதில்லை என்பதால் அதற்குக் கிடைத்தது ஒரு அரைச்சுர ஏற்ற இறக்கம் மட்டும், மி-ஃபா-மி. லத்தீனில் துயரம் ‘மிசேரியா’, பசி ‘ஃபாமெஸ்’, நம் வீடான இந்தப் பூமியில் துயரமும் பசியும் ஆள்கின்றன என்பதற்கான எழுத்துகள் அவை என்றார். அவர் வாழ்ந்தது போரும் நோயும் நிறைந்த காலம்.

ஆனால் பூமி வேறு விதத்தில் உண்மையாகவே முனகுகிறது. நிலநடுக்கமே இல்லாத நாளிலும் பூமி முழுவதும் மெல்ல அதிர்ந்துகொண்டே இருப்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஓர் அலைவுக்குச் சில நிமிடங்கள் ஆகும், நம் காது எட்டாத அடித்தளம். பெரும்பாலும் கடல் அலைகள் தரையை இடைவிடாமல் தட்டுவதால் வருவது. பித்தாகரஸ் ஆட்கள் வானத்தைப் பார்த்துச் சொன்னதைக் காலடியில் பார்த்திருந்தால் பாதிக்குமேல் சரியாக இருந்திருக்கும்! ஒரு மாய உலகத்தைக் கட்டுகிறவருக்கு இது கையில் கொடுத்த வரம். எல்லாருக்கும் பழகிப்போன, அதனால் யாருக்கும் கேட்காத ஓர் இசை, அது ஒரு நாள் ஒரு நொடி நின்றால் என்ன ஆகும்? முதலில் யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? நாயா, கைக்குழந்தையா, செவிடு என்று எல்லாரும் ஒதுக்கிவைத்த பாட்டியா?

மறுபடியும் உங்கள் தொடருக்கே வருகிறேன். அரக்கன் தூங்கியது எனக்குப் பிரச்சினையே இல்லை. அகநானூறு 102-இல் யானையே தூங்குகிறது. கூந்தலை மலைக்காற்றில் உலர்த்திக்கொண்டு ஒருத்தி குறிஞ்சிப் பண்ணைப் பாடுகிறாள், தினை தின்ன வந்த களிறு கதிரையும் தின்னவில்லை, நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை, தூக்கமே வராத அதன் கண்ணில் தூக்கம் வந்துவிடுகிறது. பாட்டு எப்படி இருந்தது என்று புலவர் வர்ணிக்கவில்லை, யானை என்ன செய்யாமல் விட்டது என்று மட்டும் சொன்னார், எனக்குப் பாட்டு கேட்டுவிட்டது. பொருநராற்றுப்படையில் வழிப்பறிக் கள்வர்கள் பாலை யாழைக் கேட்டுக் கையிலிருந்த ஆயுதத்தை நழுவவிடுகிறார்கள், அங்கேயும் இதே உத்திதான். உங்கள் அரக்கனும் தூங்கட்டும், ஆனால் தூங்குவதற்கு முந்தின நொடியில் அவன் எதை மறந்தான், கையிலிருந்த எது கீழே விழுந்தது, பக்கத்திலிருந்த இன்னோர் அரக்கனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று தொடரை எழுதுகிறவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் நன்றாக எழுதுகிறவர், சண்டைக் காட்சிகளில் அது தெரிகிறது. கேட்டால் செய்வார்.

வீட்டில் இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு காட்டைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறோம். அதில் கற்கள் மட்டும்தான் பாடும், அதுவும் விரிசல் விட்ட கற்கள் மட்டும், விடியலில் மட்டும். இவை அவள் போட்ட விதிகள். ஒரு கொத்தனார் அந்தக் காட்டுக்கு வருகிறார், ரொம்ப நல்லவர், எங்கே உடைந்த கல்லைப் பார்த்தாலும் பூசிச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். அவரை எப்படித் தடுப்பது என்று நேற்று இரவு வரை அவளுக்குத் தெரியவில்லை. வில்லனாக்கிவிடலாமா என்று நான் கேட்டதற்கு, “அவரு நல்லவருப்பா” என்று கோபித்துக்கொண்டு தூங்கப் போய்விட்டாள்.

இப்படிக்கு,
தொடரை விடாமல் வாசிக்கும் ஒரு வாசகர்